கோட்டாயி வீட்டுத் தம்புரா

ஆண்டுதோறும் குருவாயூர் ஏகாதசி நெருங்கும்போது பாலக்காட்டு மாவட்டத்துக் கோட்டாயியில் ஒரு பழைய வீட்டிலிருந்து ஒரு தம்புரா புறப்படுகிறது. வழியில் பக்தர்களும் இசை அன்பர்களும் அதை வரவேற்று வணங்குகின்றனர். குருவாயூரை அடைந்ததும் மேல்பத்தூர் அரங்க மேடையில் அதற்கென ஓர் இடம் அளிக்கப்படுகிறது. குருவாயூர் ஏகாதசி வரையில் நாள்தோறும் பாடகர்கள் வந்து அதன் முன்னிலையில் பாடுகின்றனர். முதன்முறையாக மேடை ஏறும் சிறுவர் சிறுமியரும், பல்லாண்டு பாடிப் பழுத்த வித்வான்களும் அவர்களுள் அடங்குவர். விழா நிறைவுற்றபின் தம்புரா மீண்டும் தன் வீட்டுக்குத் திரும்புகிறது.

அந்தத் தம்புராவை மீட்டிப் பாடியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அவர் இறைவனடி சேர்ந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அவர் வீட்டுப் பொருள் ஒன்று இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை வாசற்படி தாண்டி, ஊராருக்குப் பயன்பட்டுத் திரும்புகிறது. இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அப்பெரியாரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். முன்னோர் தந்த செல்வத்தைப் பேணுவது எவ்வாறு, அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்பதற்கு அவருடைய வாழ்வே விளக்கமாக அமைந்தது.

தந்தை வைத்த சொத்து

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக அமைந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து அவ்வழியே சென்ற தமிழ்க் குடும்பங்கள் பாரதப்புழையின் கரைகளிலும் அதன் கிளையாறுகளின் ஓரங்களிலும் குடியேறின. கோயிலும் குளமும், இருபுறமும் திண்ணை வைத்த வீடுகளுமாகக் கிராமங்கள் எழுந்தன. அக்குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசின. வெளியில் மலையாளம் பேசின. வேதமும் சங்கீதமும் பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்தன. நிலமும் நகையும் இல்லாத வீட்டிலும் தந்தை மகனுக்கு விட்டுச் செல்ல ஒரு வித்தை இருந்தது.

செம்பை கிராமத்தைச் சேர்ந்த அனந்த பாகவதரின் குடும்பமும் அத்தகையதே. அக்குடும்பத்துக்கும் கர்நாடக இசைக்கும் உள்ள தொடர்பு பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது. அனந்த பாகவதர் பாட்டிலும் வயலினிலும் தேர்ந்தவர். அவருடைய இல்லத்தரசி பார்வதி அம்மாள். இத்தம்பதியருக்கு 1896-ஆம் ஆண்டு, கோகுலாஷ்டமித் திருநாளில் வைத்தியநாதன் பிறந்தான். வடகரைக்கு அருகே லோகனார்காவுக் கோயிலை அடுத்திருந்த மடத்தில் குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. பின்னர் குடும்பம் பாலக்காட்டுப் பக்கம் வந்து நிலைத்தது. கண்ணன் பிறந்த நாளில் பிறந்த அக்குழந்தையின் வாழ்நாள் முழுவதும் கண்ணனின் சந்நிதியையே சுற்றிச் சுழலப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

குழந்தைக்கு மூன்று வயதானபோது தந்தை இசைப் பயிற்சியைத் தொடங்கினார். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் ஏது, எழுத்து ஏது! காதுதான் அவனுக்கு ஏடு. தம்புராவின் நாதம் முதலில் காதில் இறங்க வேண்டும். தந்தை பாடும் ஸ்வரத்தை அவன் திருப்பிப் பாட வேண்டும். அது சுருதியோடு இழையும்வரை மறுபடியும் மறுபடியும் பாட வேண்டும். குருகுலத்தில் பின்பற்றப்பட்ட இந்த முறைக்கு ஆசிரியரிடம் எல்லையற்ற பொறுமை வேண்டும். அனந்த பாகவதரிடம் அது இருந்தது. தந்தையாகவும் குருவாகவும் ஒருவரே இருக்கும்போது அன்பு கண்டிப்பைக் கெடுத்துவிடுவதுண்டு. கண்டிப்பு அன்பைக் கெடுத்துவிடுவதும் உண்டு. இரண்டும் கெடாமல் அவர் மகனை வளர்த்தார் என்பதற்கு மகனின் திறந்த குரலும் வழுவாத சுருதியுமே சான்று.

1904-ஆம் ஆண்டில், எட்டு வயதில், வைத்தியநாதனின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அத்துடன் பயிற்சி முடிந்துவிடவில்லை. அதன்பின் அவர் வயலினும் புல்லாங்குழலும் பயின்றார். பதின்வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவது இயல்பு. பாட்டையே வாழ்வாகக் கொள்ளவிருக்கும் பிள்ளைக்கு அது சோதனைக் காலம். வாத்தியம் கற்ற பாடகருக்கோ தொண்டை ஓய்வு கேட்கும்போதும் விரல்களின் வழியே நாதம் தொடரும். பிறருடன் சேர்ந்து வாசிப்பவரின் சிரமமும் மனமும் அவருக்குப் புரியும். செம்பை பிற்காலத்தில் பக்கவாத்தியக்காரர்களிடம் காட்டிய பரிவுக்கு இந்த இளமைப் பயிற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

தம்மருகில் ஓர் இடம்

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கோயில் பிராகாரத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். செம்பையின் குரல் அதற்கென்றே அமைந்தது போல் கம்பீரமாக ஒலித்தது. அவருடன் நெடுங்காலம் வயலின் வாசித்த மைசூர் சௌடையா, பெரிய சபைகளில் வயலினின் ஒலி எட்டாத குறையைப் போக்க ஏழு தந்திகள் கொண்ட வயலினை உருவாக்கிக் கையாண்டார். அத்தகைய வித்வான்கள் பக்கத்தில் இருக்கும்போது இளைஞர் ஒருவருக்கு மேடையில் இடம் கிடைப்பது எளிதன்று. செம்பையோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தருவதைத் தம் கடமையாகவே கொண்டிருந்தார்.

1920-களில் பாலக்காட்டுச் சிறுவன் ஒருவனின் மிருதங்கத்தைக் கேட்டு அவர் மகிழ்ந்தார். சேஷம் பாகவதரின் மகனாக 1912-இல் பிறந்த அச்சிறுவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, தம் கச்சேரியில் அமர்த்தி வாசிக்க வைத்தார். மிருதங்கம் என்றதும் இன்றும் உலகெங்கும் நினைவுகூரப்படும் பாலக்காடு மணி ஐயர்தான் அந்தச் சிறுவன். பெரிய வித்வான் ஒருவர் தமக்குப் பழக்கமான கைகளை விட்டுவிட்டு அறியாப் பிள்ளையைச் சபையின் முன் அமர்த்துவதில் ஆபத்து உண்டு. பிள்ளை தடுமாறினால் கச்சேரியே கெடும். பெயர் கெடுவது பிள்ளைக்கு மட்டும் அன்று. இது தெரிந்திருந்தும் அவர் அமர்த்தினார்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கதை இன்னும் நுட்பமானது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறமும் வயலின்காரர் இடப்புறமும் அமர்வது மரபு. மிருதங்கத்தின் வலந்தலை அப்போதுதான் சபையை நோக்கும். இடக்கைக்காரர் வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். அவ்வாறு மாறினால் வயலினின் நாதம் சபைக்கு எதிர்ப்புறமாகச் செல்லும். ஆகவே இடம் மாறி அமரப் பலரும் விரும்பவில்லை. இடக்கையால் உண்ணவும் எழுதவும் முற்படும் குழந்தைகளை அடித்துத் திருத்திய வீடுகள் நிறைந்த காலம் அது. செம்பை அந்தக் கையைக் குறையாகக் காணவில்லை. கையில் எழுந்த லயத்தையே கண்டார். பழனியைத் தம்முடன் அமர்த்திக்கொண்டார். மிருதங்க உலகில் மணி ஐயருக்கு இணையாகப் பழனியின் பெயரும் நிலைபெற்றது.

இவ்வாறு அவரது ஆதரவால் முன்வந்தவர்களின் வரிசை நீண்டது. எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன், எல். சுப்பிரமணியம், வேலூர் ராமபத்ரன், உமையாள்புரம் சிவராமன், டி.வி. கோபாலகிருஷ்ணன் எனப் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பலர் இளமையில் அவருடன் வாசித்தவர்கள். ஒரு வீட்டில் மூத்தவர் இலையில் அமரும்போது பக்கத்தில் ஒரு சின்ன இலை போட்டுப் பேரனை அமர்த்திக்கொள்வார். உண்ணும் முறையைக் குழந்தை அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். செம்பையின் கச்சேரி மேடையும் அப்படித்தான் இருந்தது.

பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. 1924-ஆம் ஆண்டு முதல் தம் கிராமத்தில் ஆண்டுதோறும் ஏகாதசி இசை விழாவை நடத்தி வந்தார். சென்னையின் சபைகளில் பாடும் வித்வான்களை அச்சிற்றூருக்கு வரவழைத்தார். காசு கொடுத்துக் கச்சேரி கேட்க இயலாத உழவரும் அவர்தம் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து கேட்டனர். அவருக்குப் பின் குடும்பத்தார் அவ்விழாவைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர்.

நாதம் அடங்கிய நாட்கள்

1951-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் அடையக்கூடிய பெருமைகளுள் தலையாயது அது. மூன்று வயதில் தந்தை ஏற்றிய விளக்கு மலையுச்சியில் நின்று ஒளிர்ந்த தருணம் அது.

அடுத்த ஆண்டிலேயே அவருடைய குரல் போயிற்று.

1952-இல் திடீரெனத் தொண்டை பாட மறுத்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். அரை நூற்றாண்டாகப் பாட்டைத் தவிர வேறொன்றையும் தொழிலாக அறியாதவர். நிலத்தை இழந்தவன் வேறு நிலம் தேடலாம். நகையை இழந்தவள் வேறு நகை செய்து கொள்ளலாம். தொண்டையில் வைத்துத் தலைமுறைகள் காத்துவந்த செல்வத்துக்கு மாற்று ஏது? தம்புராவில் குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு நூலிழையைச் செருகுவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூல் விலகிவிட்டால் தந்தி ஒலிக்கும். ஆனால் நாதம் எழாது. தந்தி இருக்கிறது, குடம் இருக்கிறது, மீட்டும் விரலும் இருக்கிறது. ஜீவன் மட்டும் இல்லை. செம்பையின் நிலையும் அவ்வாறே ஆயிற்று.

அவர் குருவாயூரப்பனின் சந்நிதியை நாடினார். வாத நோயால் வருந்திய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி நானூறு ஆண்டுகளுக்கு முன் நாராயணீயம் பாடி நலம் பெற்ற சந்நிதி அது. உடலின் வழியே வந்த துன்பத்தை உள்ளத்தின் வழியே தாங்கும் வலிமையைப் பலருக்கு அளித்த இடம். செம்பை அங்கே மன்றாடினார். அதே வேளையில் கேரளத்தின் பாரம்பரிய வைத்தியக் குடும்பம் ஒன்றில் தோன்றிய நம்பூதிரி வைத்தியர் ஒருவரின் ஆயுர்வேத சிகிச்சையும் அவருக்குக் கிட்டியது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த இசை முடங்கியபோது, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த மருத்துவம் கை கொடுத்தது. தங்கள் வீட்டு வித்தையைத் தங்களுடனேயே மறையவிடாமல் காத்த முன்னோரின் தருமம் இன்னொரு வீட்டின் செல்வத்தை மீட்டுக் கொடுத்தது.

குரல் திரும்பியது. பக்தர்கள் அதைக் குருவாயூரப்பனின் அருள் என்றனர். செம்பையும் அவ்வாறே நம்பினார். அதன்பின் அவர் கச்சேரிகளில் ஈட்டிய பொருளைக் குருவாயூரப்பனுக்கே காணிக்கையாக்கினார் என்பர். இந்தச் சோதனை அவர் உள்ளத்தில் விளைத்த மாற்றம் தெளிவானது. தமது என்று இறுகப் பற்றியிருந்த ஒன்று ஒரே நாளில் கைவிட்டுப் போனதை அவர் கண்டார். திரும்பி வந்தபோது அது தம் உடைமையாக வரவில்லை. சிறிது காலம் வைத்திருந்து பிறரிடம் சேர்ப்பிக்க வேண்டிய அடைக்கலப் பொருளாகவே வந்தது.

வாசல் திறந்த வீடு

வீட்டுச் சொத்தை வீட்டாருக்குக் கொடுப்பது உலக வழக்கம். செம்பையின் சொத்து வீட்டு வாசலோடு நிற்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்து திரையிசையிலும் பக்தி இசையிலும் புகழ்பெற்ற பி. லீலா அவரிடம் பாடம் கேட்டார். இரட்டையர்களான ஜய விஜயர் அவரிடம் பயின்றனர். கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1940-இல் பிறந்த கே.ஜே. யேசுதாஸும் அவரிடம் வந்து சேர்ந்தார்.

யேசுதாஸின் வரலாறு செம்பையின் இளமையையே மற்றொரு வடிவில் நினைவூட்டுவது. அவருடைய தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர். மகனுக்கு முதல் குரு அவரே. வறுமைக்கு நடுவிலும் அத்தந்தை மகனின் இசைக் கல்வியைக் கைவிடவில்லை. ஒரு தந்தை வீட்டில் ஏற்றிய விளக்கின் அருமை, அவ்வாறே தந்தை மடியில் விளக்கைப் பெற்ற மற்றொருவருக்குத்தான் முழுமையாகப் புரியும். செம்பை அந்த இளைஞரின் சமயத்தைக் கேட்டு வாசலை அடைக்கவில்லை. குருவாயூர்க் கோயிலினுள் பிற சமயத்தாருக்கு அனுமதி இல்லை என்பது நெடுங்கால வழக்கம். அக்கோயிலின் தெய்வத்தையே உயிராகக் கொண்ட வைதிகக் குடும்பத்து முதியவர், அத்தெய்வத்தைப் பாடும் பாடல்களை ஒரு கிறிஸ்தவ இளைஞருக்குத் தம் அருகில் அமர்த்திக் கற்பித்தார். செம்பையின் வாழ்நாள் இறுதிவரை அந்தக் குரு சிஷ்ய உறவு நீடித்தது. குருவின் மறைவுக்குப் பின்னரும் யேசுதாஸ் கோட்டாயி விழாவுக்கு வந்து பாடிக் குருகாணிக்கை செலுத்தி வந்தார்.

பிறர் மறந்த பாடல்களையும் செம்பை தம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே பேணினார். லலிததாசர் இயற்றிய பாடல்கள் அவரால் பரவின. மலையாளக் கவிஞர் இரயிம்மன் தம்பியின் 'கருணா செய்வான்' என்னும் பாடல் முதலில் ஸ்ரீ ராகத்தில் அமைந்தது. செம்பை அதை யதுகுல காம்போதியில் பாடினார். இன்று பெரும்பாலோர் அதை அந்த ராகத்திலேயே அறிவர். பாட்டியின் அட்டிகையைப் பேத்தியின் கழுத்துக்கு ஏற்பக் கோத்துக் கொடுப்பது போன்றது அது. பொன் மாறவில்லை, அணிபவருக்குப் பொருந்தியது.

இரயிம்மன் தம்பியின் பெயர் கேரளத்து வீடுகளில் வேறொரு காரணத்தாலும் நிலைத்திருக்கிறது. 1813-இல் திருவிதாங்கூர் அரண்மனையில் பிறந்த குழந்தை சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க அவர் ஒரு தாலாட்டு இயற்றினார். அரசகுலக் குழந்தைக்கென்று பிறந்த அத்தாலாட்டு இரு நூற்றாண்டுகளாக எளிய வீடுகளின் தொட்டில்களிலும் ஒலிக்கிறது. எந்த அரண்மனைக் கருவூலத்திலும் பூட்டி வைக்காததால்தான் அது அழியாமல் இருக்கிறது.

கடைசிக் கச்சேரி

1958-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1973-இல் பத்மபூஷண் விருதும் செம்பையை வந்தடைந்தன. எழுபத்தெட்டு வயதிலும் அவர் பாடிக்கொண்டிருந்தார். 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், ஒற்றப்பாலத்தை அடுத்த பூழிக்குன்னு ஸ்ரீகிருஷ்ணன் கோயிலில் பாடினார். இளமையில் அவர் முதன்முதலாகப் பாடிய இடமும் அதுவே என்பர். கச்சேரியின் நிறைவாக, கண்ணனின் கருணை வரத் தாமதம் ஏன் என்று உருகிக் கேட்கும் 'கருணா செய்வான்' பாடலைப் பாடினார். அன்றே, கச்சேரி முடிந்த சிறிது நேரத்தில், மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. கோகுலாஷ்டமியில் தொடங்கிய வாழ்வு கண்ணன் பாட்டோடு நிறைவெய்தியது.

பிறகு குருவாயூர் தேவஸ்வம் ஏகாதசி இசை விழாவை அவர் பெயரால் செம்பை சங்கீதோற்சவம் என்று நடத்தத் தொடங்கியது. பாலக்காட்டில் உள்ள அரசு இசைக் கல்லூரியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பழம்பொருளைப் பேணும் முறை

ஒவ்வொரு இல்லத்திலும் ஏதேனும் ஒரு பழம்பொருள் உண்டு. பாட்டி பூஜித்த விக்கிரகம், தாத்தாவின் ஏடு, அம்மாவின் குத்துவிளக்கு, பல தலைமுறைக் குழந்தைகள் உறங்கிய மரத்தொட்டில். அவற்றைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது ஒருவகைப் பேணுதல். குழந்தை தொட்டால் உடைந்துவிடுமோ என்ற அச்சம் அதில் கலந்திருக்கும். மாலையில் குழந்தையின் பிஞ்சுக் கையில் திரியைக் கொடுத்து, எண்ணெய் சிந்தினாலும் பொறுத்து, அந்த விளக்கை ஏற்றப் பழக்குவது மற்றொரு வகை. முதல் வகையில் பொருள் மட்டும் பிழைக்கும். இரண்டாம் வகையில் பொருளோடு அதன் ஜீவனும் பிழைக்கும்.

அனந்த பாகவதர் மூன்று வயது மகனுக்குச் செய்தது இந்த இரண்டாம் வகைப் பேணுதல். மகன் அதைத் தம் மேடையில் மணி ஐயருக்கும் பழனிக்கும் செய்தார்; தம் பாடத்தில் லீலாவுக்கும் யேசுதாஸுக்கும் செய்தார். குழந்தைகளுக்கு விட்டுச் செல்ல என்ன இருக்கிறது என்று ஏங்கும் பெற்றோர் பலர். தம்மிடம் உள்ள நல்ல பழக்கம் ஒன்றையோ, தெரிந்த தொழில் ஒன்றையோ, மனத்தில் உள்ள பாட்டு ஒன்றையோ தினமும் சிறிது நேரம் குழந்தையை அருகில் அமர்த்திப் பகிர்ந்துகொண்டால் அதுவே பெருஞ்சொத்து. பங்கு பிரிக்கும்போது குறையாத சொத்தும் அதுவே.

மீண்டும் கார்த்திகை வரும். கோட்டாயி வீட்டின் கதவு திறக்கும். தம்புரா குருவாயூருக்குப் புறப்படும். மேடையில் அதன் அருகே இதுவரை சபையைக் கண்டறியாத ஒரு குழந்தை வந்து அமரும். நடுங்கும் குரலில் முதல் ஸ்வரத்தைப் பிடிக்கும். தந்தையின் மடியில் அமர்ந்து மூன்று வயது வைத்தியநாதன் பிடித்ததும் அதே ஸ்வரந்தான்.